மறைந்திருக்கும் சொல்லை மடக்குவது எப்படி?

மூன்றெழுத்துச் சொல் ஒன்றை நான் மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன். அது என்ன என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!

‘அம்மா’ என்பார் ஒருவர். ‘பழம்’ என்பார் இன்னொருவர். பிடித்த பொருள், கண்ணில் பட்ட பொருள், காலையில் சாப்பிட்ட பலகாரம் என்று ஆளுக்கொரு சொல் வாயில் வரும். கணினி நிரலுக்குப் பிடித்த பொருள் எதுவும் கிடையாது. காலையில் அது ஒன்றும் சாப்பிடவும் இல்லை. ஆனாலும் இந்த விளையாட்டில் நம்மில் பலரை அது தோற்கடித்துவிடும். சொற்களின் பொருளே தெரியாத ஒன்று சொல் விளையாட்டில் எப்படி ஜெயிக்கிறது? இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறோம்.

ஐந்து எழுத்து, ஆறு வாய்ப்பு

வேர்டில் என்ற விளையாட்டை உங்களில் சிலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். தினமும் ஓர் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. நீங்கள் ஒரு சொல்லைப் போட்டதும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறம் கிடைக்கும். எழுத்தும் சரி, இடமும் சரி என்றால் பச்சை. எழுத்து அந்தச் சொல்லில் இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில் என்றால் மஞ்சள். அந்த எழுத்தே இல்லை என்றால் சாம்பல். விதி இவ்வளவுதான்.

இதை உருவாக்கியவர் ஜாஷ் வார்டில். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பிறந்தவர்; அமெரிக்காவில் நியூயார்க்கின் புரூக்ளினில் வசித்த மென்பொருள் பொறியாளர். அவருடைய துணைவி பாலக் ஷாவுக்குச் சொற்புதிர் என்றால் உயிர். அவருக்காகத்தான் வார்டில் இதைச் செய்தார். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 12,000 ஐந்தெழுத்துச் சொற்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை யாரும் கேள்விப்பட்டதே இருக்காது. பாலக் ஷா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரிந்த சொல், தெரியாத சொல் என்று பிரித்தார். கடைசியில் 2,300-க்குச் சற்று மேற்பட்ட சொற்கள்தான் விடைப் பட்டியலில் இடம்பிடித்தன.

2021 அக்டோபரில் விளையாட்டு எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. நவம்பர் 1 அன்று விளையாடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2 அன்று 3 லட்சம் பேர்! ஜனவரி முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிவிட்டது.

ஒரு நாளைக்கு ஒரே சொல், எல்லாருக்கும் அதே சொல். அதனால் ‘நீ எத்தனையாவது முயற்சியில் கண்டுபிடித்தாய்?’ என்று ஒருவரை ஒருவர் கேட்கத் தொடங்கினார்கள். விடையைச் சொல்லாமல் பெருமையடிப்பது எப்படி? நியூசிலாந்தில் சிலர் எழுத்துகளை விட்டுவிட்டு, பச்சை, மஞ்சள், சாம்பல் கட்டங்களை மட்டும் கையால் தட்டி நண்பர்களுக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்த வார்டில், 2021 டிசம்பரில் அந்தக் கட்டங்களைத் தானாகவே உருவாக்கித் தரும் பொத்தான் ஒன்றைச் சேர்த்தார். விளையாட்டு ஊரெங்கும் பரவியதற்கு அந்த வண்ணக் கட்டங்கள் பெரிய காரணம்.

அரட்டைக்குள் வந்த சாட்பாட்

பேச்சு எங்கே நடக்கிறதோ அங்கேயே விளையாட்டும் நடந்தால் நன்றாக இருக்குமே! அந்த ஆசையில்தான் அரட்டைக் குழுக்களில் இருக்கும் சாட்பாட்களுக்கும் இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள்.

சாட்பாட் என்பது அரட்டையில் பங்குகொள்ளும் கணினி நிரல். அது புதிதாக வந்ததல்ல. 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் ‘எலைசா’ என்ற நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கொஞ்சம் மாற்றி நம்மிடமே கேள்வியாகக் கேட்கும் நிரல் அது. 1988-இல் பின்லாந்தின் ஊலு நகரத்தில் யார்க்கோ ஓய்கரினென் என்பவர் ஐ.ஆர்.சி. என்ற இணைய அரட்டை முறையை உருவாக்கினார். அந்த அரட்டை அறைகளில் வினாடிவினா நடத்தவும், ஒழுங்கு பார்த்துக்கொள்ளவும் சாட்பாட்கள் வந்து உட்கார்ந்துகொண்டன.

ஒரே சாட்பாட் வானிலையும் சொல்ல வேண்டும், வினாடிவினாவும் நடத்த வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே நிரலுக்குள் திணிக்க முடியாது. உங்கள் வீட்டு மிக்ஸியைப் பாருங்கள். மோட்டார் ஒன்றுதான். சட்னிக்கு ஒரு ஜார், மாவு அரைக்க ஒரு ஜார், பழச்சாறுக்கு ஒரு ஜார். வேலைக்குத் தகுந்த ஜாரை மாட்டிக்கொள்கிறோம். சாட்பாட்டின் மையப் பகுதிதான் மோட்டார். அதில் மாட்டப்படும் சிறு நிரலுக்குச் செருகுநிரல் என்று பெயர். பிளகின் என்றும் சொல்வார்கள்.

சொல் விளையாட்டுச் செருகுநிரல் எப்படி வேலை செய்யும்? தமிழில் அப்படி ஒன்றை நாமே எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

குழுவில் ஒருவர் ‘!சொல் மடல்’ என்று தட்டி அனுப்புகிறார். முன்னால் ஆச்சரியக்குறி இருப்பதைக் கவனியுங்கள். சாட்பாட் குழுவுக்கு வரும் ஒவ்வொரு செய்தியின் முதல் குறியையும் பார்க்கும். ‘சாப்பிட்டாச்சா?’ என்று யாராவது கேட்டால் அது தனக்கில்லை என்று விட்டுவிடும். ஆச்சரியக்குறி இருந்தால் அது கட்டளை. அடுத்து வரும் ‘சொல்’ என்பது எந்தச் செருகுநிரலைக் கூப்பிட வேண்டும் என்பதைச் சொல்கிறது. மீதியிருக்கும் ‘மடல்’ அந்தச் செருகுநிரலின் கைக்குப் போகும்.

செருகுநிரல் முதலில் சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும். பிறகு அகராதிப் பட்டியலில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்க்கும். ‘ககக’ என்று தட்டினால் ‘இப்படி ஒரு சொல் இல்லையே’ என்று திருப்பி அனுப்பிவிடும். சரியான சொல் என்றால் நிறம் கொடுக்கும். யார், எத்தனையாவது முயற்சி என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளும். குறிப்பைக் கோப்பில் எழுதி வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் நடுவில் மின்சாரம் போய் வந்தால், எல்லாருக்கும் மறுபடி முதல் வாய்ப்பிலிருந்து தொடங்கிவிடும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. விடையைக் கண்டுபிடித்தவர் குழுவிலேயே அதைத் தட்டினால் மற்றவர்களுக்கு விளையாட்டு போச்சு. அதனால் சொல்லைச் சாட்பாட்டுக்குத் தனிச் செய்தியாக அனுப்ப வேண்டும். குழுவில் வண்ணக் கட்டங்கள் மட்டும் தெரியும்.

நிறம் கொடுப்பது சுலபமா?

‘எழுத்து இருக்கிறதா, இடம் சரியா என்று பார்த்தால் போதுமே, இதில் என்ன கஷ்டம்?’ என்று கேட்பீர்கள். முதன்முதலாக இந்த நிரலை எழுதுபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடமே இதுதான்.

மறைந்திருக்கும் சொல் ‘வெண்பா’. நீங்கள் போட்ட சொல் ‘பாப்பா’. இடமிருந்து வலமாகப் பார்ப்போம். முதல் எழுத்து பா. அது வெண்பாவில் இருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் இல்லை. ஆகவே மஞ்சள். அடுத்து ப். அது இல்லை, சாம்பல். மூன்றாவது பா. எழுத்தும் இடமும் சரி, பச்சை. மஞ்சள், சாம்பல், பச்சை. சரிதானே?

சரியில்லை! ஒரு பச்சை, ஒரு மஞ்சள் என்றால் அந்தச் சொல்லில் இரண்டு பா இருப்பதாக அர்த்தம். வெண்பாவில் ஒரே ஒரு பாதான் இருக்கிறது. விளையாடுபவர் இல்லாத இன்னொரு பாவைத் தேடி மிச்ச வாய்ப்புகளை எல்லாம் வீணாக்குவார்.

இதற்கு இரண்டு சுற்றாகப் பார்க்க வேண்டும். முதல் சுற்றில் பச்சைகளை மட்டும் கொடுத்து, விடையில் அந்த எழுத்துகளை அடித்துவிட வேண்டும். இங்கே மூன்றாவது எழுத்தான பா பச்சை. வெண்பாவின் பா அடிபட்டுவிட்டது. மிச்சம் வெ, ண் மட்டுமே. இரண்டாம் சுற்றில், அடிபடாமல் மிஞ்சிய எழுத்துகளில் இருந்தால் மட்டும் மஞ்சள். மிச்சத்தில் பா இல்லை. ஆகவே சரியான பதில்: சாம்பல், சாம்பல், பச்சை.

நமக்கு மூன்று, கணினிக்கு ஆறு

செருகுநிரல் முதலில் எழுத்துகளை எண்ணும் என்று சொன்னேன் அல்லவா? ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து அதில் ‘பாப்பா’ என்று தட்டினால், ‘இது ஆறெழுத்துச் சொல்’ என்று சொல்லும்.

கணினிக்கு எழுத்து என்றால் ஓர் எண். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் முறைக்கு யூனிகோடு என்று பெயர். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 எழுத்து. யூனிகோடு இந்த 247-க்கும் தனித்தனி எண் கொடுக்கவில்லை. உயிரெழுத்துகளுக்கும், ஆய்தத்துக்கும், க, ங, ச என்ற வரிசைக்கும், துணைக்கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்கும் மட்டுமே எண் இருக்கிறது. ‘பாப்பா’ என்பது கணினிக்கு ப, துணைக்கால், ப, புள்ளி, ப, துணைக்கால். எண்ணிப் பாருங்கள், ஆறு!

அதனால் தமிழ் விளையாட்டுக்கான நிரல், துணைக்குறி எதைக் கண்டாலும் அதை முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிவிட்டுப் பிறகுதான் எண்ண வேண்டும். அதோடும் முடியவில்லை. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி என்று ஒரே குறியாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை வெவ்வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், சரியான விடையைத் தட்டியவருக்கும் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். பாவம், அவர் என்ன செய்வார்!

விளையாட்டை வடிவமைப்பவர் யோசிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்துதான். ஐந்தெழுத்துச் சொல் போட்டால் ஒன்றிரண்டாவது மாட்டும். தமிழில் 247 எழுத்து இருப்பதால் பெரும்பாலும் எல்லாமே சாம்பலாக வரும். மறைந்திருக்கும் சொல்லில் ‘மா’ இருக்க, நீங்கள் ‘மி’ போட்டால் அது முழுத் தவறா? ‘மகர வரிசை சரி, உயிர் வேறு’ என்று காட்ட நான்காவதாக ஒரு நிறம் வைக்கலாமா? நீங்கள் உருவாக்கினால் என்ன செய்வீர்கள்?

இன்றைய சொல் எது?

தினமும் யாராவது உட்கார்ந்து சொல்லை மாற்றிக்கொண்டிருக்க வேண்டுமா? தேவையே இல்லை. ஒரு கழித்தல் கணக்குப் போதும்.

வேர்டில் முதலில் வந்தபோது, விடைப் பட்டியல் முழுவதும் வரிசையாக அந்தப் பக்கத்தின் நிரலுக்குள்ளேயே இருந்தது. 2021 ஜூன் 19-ஐ நாள் எண் 0 என்று வைத்துக்கொண்டார்கள். இன்றைய தேதியிலிருந்து அந்தத் தேதியைக் கழித்தால் வரும் எண்தான் சொல்லின் வரிசை எண். 2022 ஜனவரி 1-ஐக் கணக்குப் போட்டால் 196 வரும். அன்றைய புதிரின் எண்ணும் 196-தான். நாள்காட்டியை எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

யாருடைய நள்ளிரவில் சொல் மாறுவது? அப்போது விளையாடுபவரின் கைப்பேசிக் கடிகாரத்தைப் பார்த்தே சொல் மாறியது. அதனால் நியூசிலாந்துக்காரர்களுக்குப் புதுச் சொல் முதலில் வந்துவிடும். சாட்பாட்டில் அப்படி விட முடியாது. ஒரே குழுவில் சென்னையிலிருந்து ஒருவர், நியூயார்க்கிலிருந்து ஒருவர் இருப்பார். ஜனவரியில் சென்னையில் நள்ளிரவு 12 மணி என்றால் நியூயார்க்கில் அப்போது பகல் ஒன்றரை மணி. இந்தக் குழுவுக்கு எந்த ஊர்க் கடிகாரம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

பட்டியல் நிரலுக்குள்ளேயே இருந்தால் எட்டிப் பார்த்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றியவர்கள் இருந்தார்கள். 2022 ஜனவரியில் ட்விட்டரில் ‘வேர்டிலினேட்டர்’ என்ற பெயரில் ஒரு நிரல் கிளம்பியது. யாராவது தங்கள் வண்ணக் கட்டங்களைப் போட்டால் போதும், நாளைய விடையை அவர்களிடம் போட்டு உடைத்துவிடும்! ட்விட்டர் நிறுவனம் அந்தக் கணக்கை முடக்கியது. எட்டிப் பார்த்து விடை சொல்வதில் என்ன கெட்டிக்காரத்தனம்? எட்டிப் பார்க்காமல் கண்டுபிடிப்பதில்தான் அறிவியல் இருக்கிறது.

சாட்பாட் தானே ஆடினால்

இதுவரை சாட்பாட் விளையாட்டை நடத்தியது. இப்போது அதையே விளையாட விடுவோம். பட்டியலில் எட்டுச் சொற்கள் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

கடல், மடல், உடல், மணல், பகல், படம், பழம், மரம்.

இவற்றில் ஒன்றுதான் விடை. ம வேறு, ம் வேறு என்பது நம் விதி. முதலில் எதைப் போடலாம்?

சாட்பாட் எந்தச் சொல் விடையாக இருக்கும் என்று யோசிப்பதே இல்லை. எட்டுக்கும் சம வாய்ப்புதான் என்பது அதற்குத் தெரியும். அது வேறொன்றை யோசிக்கிறது: ‘இந்தச் சொல்லைப் போட்டால் என்னென்ன நிறங்கள் வரலாம்? ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை சொல் மிஞ்சும்?’

முதலில் ‘பழம்’ போட்டுப் பார்ப்போம்.

மூன்றும் சாம்பல் வந்தால்: கடல், மடல், உடல், மணல்.
பச்சை, சாம்பல், சாம்பல்: பகல்.
பச்சை, சாம்பல், பச்சை: படம்.
சாம்பல், சாம்பல், பச்சை: மரம்.
மூன்றும் பச்சை: பழம்.

எட்டுச் சொல்லும் ஐந்து கூட்டமாகப் பிரிந்தன. ஆனால் ஒரு கூட்டத்தில் நான்கு சொற்கள் சேர்ந்து நிற்கின்றன. விடை அவற்றில் ஒன்றாக இருந்தால் நம் கண்டுபிடிப்பு நான்காவது முயற்சிவரை இழுத்துக்கொண்டு போகலாம்.

இப்போது ‘மடல்’.

சாம்பல், பச்சை, பச்சை வந்தால்: கடல், உடல்.
பச்சை, சாம்பல், பச்சை: மணல்.
சாம்பல், சாம்பல், பச்சை: பகல்.
சாம்பல், பச்சை, சாம்பல்: படம்.
பச்சை, சாம்பல், சாம்பல்: மரம்.
மூன்றும் சாம்பல்: பழம்.
மூன்றும் பச்சை: மடல்.

ஏழு கூட்டங்கள்! எந்த நிறம் வந்தாலும் இரண்டு சொல்லுக்கு மேல் மிஞ்சாது. அதிகம் போனால் மூன்றாவது முயற்சியில் விடை கையில். மூன்றும் சாம்பலாக வந்தால் நாம் முகத்தைத் தொங்கப்போடுவோம். சாட்பாட்டுக்கோ அதுவும் நல்ல செய்திதான். ‘பழம்’ ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அடிபட்டுவிட்டதே!

நாம் ‘இதுவாக இருக்குமோ?’ என்று ஊகிக்கிறோம். சாட்பாட் ‘எதைக் கேட்டால் அதிகம் தெரியவரும்?’ என்று பார்க்கிறது. அதற்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்வி. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு கேள்வியால் எவ்வளவு தெரியவந்தது என்பதை அளக்கவும் முடியும். 1948-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன் என்ற கணிதமேதை அதற்கு வழி சொன்னார். வாய்ப்புகள் பாதியாகக் குறைந்தால் கிடைத்த தகவல் 1 பிட். எட்டுச் சொல் நான்கானால் 1 பிட், இரண்டானால் 2 பிட், ஒன்றானால் 3 பிட். கணினித் தகவலை அளக்கிறோமே, அதே பிட்தான். ‘பழம்’ கேட்டால் பாதி வாய்ப்பில் 1 பிட்டும், பாதி வாய்ப்பில் 3 பிட்டும் கிடைக்கும். சராசரி 2 பிட். ‘மடல்’ கேட்டால் எட்டில் ஆறு வாய்ப்பில் 3 பிட், மீதி இரண்டில் 2 பிட். சராசரி 2.75 பிட். மடல்தான் சிறந்த கேள்வி என்பதற்கு எண்ணே சாட்சி.

வேர்டிலின் முதல் பட்டியலில் 2,315 விடைகள். பதினொரு முறைக்குச் சற்று அதிகமாகப் பாதியாக்கினால்தான் ஒன்றுக்கு வந்து சேர முடியும். ஆறு வாய்ப்பு எப்படிப் போதுகிறது? பதில் ‘ஆம், இல்லை’ என்று இரண்டு வகையாக மட்டும் வருவதில்லை. ஓர் எழுத்துக்கு மூன்று நிறம் என்றால் ஐந்து எழுத்துக்கு 3 × 3 × 3 × 3 × 3, அதாவது 243 வகை. அவற்றில் 5 வகை வரவே வராது, மீதி 238. இத்தனை வகைப் பதில் வருவதால் ஒரே கேள்வியில் பட்டியல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் திமித்ரிஸ் பெர்ட்சிமாஸ், அலெக்ஸ் பாஸ்கோவ் இருவரும் 2022-இல் இதைக் கணினியில் முழுமையாகக் கணக்கிட்டார்கள். முதல் சொல்லாகப் போடச் சிறந்தது ‘சாலெட்’ என்று தெரிந்தது. எஸ், ஏ, எல், ஈ, டி என்ற ஐந்து எழுத்து. பழங்காலப் போர்வீரர்களின் தலைக்கவசம் ஒன்றின் பெயர் அது. அந்தச் சொல்லில் தொடங்கிக் கவனமாக ஆடினால் சராசரியாக 3.421 முயற்சியில் விடை கிடைக்கும். ஐந்தாவது முயற்சியைத் தாண்டவே தாண்டாது.

தவறு என்று தெரிந்தே ஒரு சொல்லைப் போடுவதும் சாட்பாட்டின் தந்திரங்களில் ஒன்று. லைட், நைட், ரைட், ஃபைட், சைட், டைட், மைட் ஆகிய ஆங்கிலச் சொற்களில் கடைசி நான்கு எழுத்தும் ஒன்றே. அந்த நான்கும் பச்சையாகிவிட்டால், நாம் ‘லைட்டா? நைட்டா? ரைட்டா?’ என்று ஒவ்வொன்றாகத் தட்டி வாய்ப்புகளை இழந்துவிடுவோம். சாட்பாட் ‘ஃபிலிம்ஸ்’ என்று போடும். எஃப், எல், எம், எஸ் என்ற நான்கு முதலெழுத்துகளும் அதில் இருக்கின்றன அல்லவா? அது விடையாக இருக்கவே முடியாது. ஆனால் ஒரே கேள்வியில் நான்கு சொற்களைச் சோதித்துவிடும்.

இந்த யோசனைக்கு வேர்டிலைவிட வயது அதிகம். 1970-இல் இஸ்ரேலைச் சேர்ந்த மொர்தெகாய் மெய்ரோவிட்ஸ் ‘மாஸ்டர்மைண்ட்’ என்ற விளையாட்டை உருவாக்கினார். ஆறு வண்ணங்களில் நான்கு குச்சிகளை ஒருவர் மறைத்து வைப்பார். மற்றவர் அந்த வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் 1,296 வரிசைகள். எந்த வரிசையானாலும் ஐந்தே முயற்சியில் பிடித்துவிடலாம் என்று 1977-இல் கணினி அறிஞர் டொனால்ட் குனூத் நிறுவினார். மிஞ்சும் கூட்டம் எப்போதும் சிறியதாக இருக்கும்படி கேட்பதுதான் அவருடைய வழியும்.

கட்டுரை எழுதும், எழுத்து எண்ணாது!

‘கேட்டதெல்லாம் எழுதித் தரும் இன்றைய செயற்கை நுண்ணறிவு சாட்பாட்கள் இதில் இன்னும் கெட்டியாக இருக்குமே?’ என்று நினைப்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. கதையும் கடிதமும் எழுதும் அவை, இந்தச் சின்ன விளையாட்டில் தடுமாறியிருக்கின்றன. ஐந்தெழுத்துச் சொல் கேட்டால் ஆறெழுத்துச் சொல்லைக் கொடுத்தன. சாம்பல் என்று தெரிந்த எழுத்தையே மறுபடி போட்டன. ‘ஸ்ட்ராபெரி’ என்ற ஆங்கிலச் சொல்லில் ஆர் என்ற எழுத்து மூன்று முறை வருகிறது. இரண்டுதான் என்று அவை அடித்துச் சொன்னது ஊரறிந்த கதை.

காரணம், அவை சொல்லை எழுத்து எழுத்தாகப் பார்ப்பதில்லை. எழுத்துகள் பல சேர்ந்த துண்டுகளாகச் சொல்லை வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களை வைத்தே வேலை செய்கின்றன. துண்டுக்குள் என்னென்ன எழுத்து என்பது அவற்றின் கண்ணில் நேராகப் படுவதில்லை. இதற்கும் மருந்து செருகுநிரல்தான். பேசும் வேலையைப் பெரிய சாட்பாட் பார்க்கும். எழுத்தை எண்ணுவது, நிறம் கொடுப்பது, பட்டியலைச் சுருக்குவது போன்ற வேலைகளைச் சிறிய செருகுநிரலிடம் ஒப்படைத்துவிடும். கட்டுரை எழுத முடியாத அந்தச் சின்ன நிரல், எழுத்து எண்ணும் வேலையில் பெரியதை மிஞ்சிவிடும்.

செய்து பாருங்கள்

கணினி இல்லாமலே நீங்கள் சாட்பாட் ஆகலாம். நண்பர் இருபது மூன்றெழுத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதி, அவற்றில் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளட்டும். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் நிறம் சொல்ல வேண்டும். எழுத்து இரண்டு முறை வந்தால் இரண்டு சுற்று விதியை மறக்கக் கூடாது. முதல் ஆட்டத்தில் மனத்தில் தோன்றியதைச் சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்தில் ஒவ்வொரு சொல்லும் பட்டியலை எத்தனை கூட்டமாகப் பிரிக்கிறது என்று எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எதில் சீக்கிரம் பிடித்தீர்கள்?

மூளைக்கு வேலையாக இரண்டு கேள்விகள்:

1. மேலே உள்ள எட்டுச் சொல் பட்டியலில், முதலில் ‘பகல்’ என்று கேட்டால் எத்தனை கூட்டங்கள் கிடைக்கும்? மிகப் பெரிய கூட்டத்தில் எத்தனை சொற்கள்?

2. ஐந்தெழுத்து விளையாட்டில் 243 வகை நிறங்களில் 5 வகை வரவே வராது என்றேன். அவை எவை?

விடைகள்:

1. ஐந்து கூட்டங்கள். மிகப் பெரியது மடல், உடல், மணல் மூன்றும் சேர்ந்தது. படம், பழம் இரண்டும் ஒரு கூட்டம். கடல், மரம், பகல் தனித்தனி. கடலுக்கு மட்டும் ஒரு மஞ்சள் கிடைக்கும். ஏன் என்று பாருங்கள்.

2. நான்கு பச்சை, ஒரு மஞ்சள். நான்கு எழுத்துகள் தங்கள் இடத்தில் உட்கார்ந்துவிட்டால், ஐந்தாவது எழுத்து ‘வேறு இடத்தில்’ இருக்க வேறு இடம் ஏது? அந்த ஒரு மஞ்சள் ஐந்து இடங்களில் எதில் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் 5 வகை.